ஹபுவின் வாசலில் மண்கூம்புகள்

சூரியன் மேற்குக் குன்றுக்குப் பின்னால இறங்கிக்கிட்டிருந்த நேரம். நைல் நதி முழுக்க யாரோ செம்பை உருக்கி ஊத்தின மாதிரி தகதகன்னு கிடந்துச்சு. கிழக்குக் கரையில தீப்ஸ் மாநகரத்துக் கோயில் வாசல்ல கொடியெல்லாம் படபடக்க, அந்திப் பூசைக்கு ஊதின தாரைச் சத்தம் தண்ணி மேல வழுக்கிக்கிட்டே வந்து, மேற்குக் கரை நாணல் புதருக்குள்ள புகுந்து அடங்கிப் போச்சு. அங்க வந்தா எல்லாச் சத்தமும் அடங்கிடும், வாசகர்களே. கிழக்குக் கரை உயிரோட இருக்கிறவங்களுக்கு, மேற்குக் கரை செத்தவங்களுக்குன்னு பிரிச்சு வச்சிருந்த நாடு அது.

அந்தச் செத்தவங்க கரையை நோக்கி, ஒரு சின்ன நாணல் படகுல, தனியா ஒரு பொண்ணு துடுப்புப் போட்டு வந்தா. பேரு நெபெத். வயசு பதினாறு. மடியில, துணிக்குள்ள சுத்தி, குழந்தையை அணைக்கிற மாதிரி ஒண்ணை அணைச்சிருந்தா. தண்ணியில ஒரு கட்டை மிதந்தாக்கூட முதலையோன்னு அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. போடாதா பின்னே? அன்னிக்குக் காலையிலதான் அவ அப்பாவோட உடம்பை அந்த முதலைகளுக்குத் தூக்கிப் போட்டிருந்தாங்க.

அப்பா பேரு மெரிநக்தர். பாரோ மன்னரோட களஞ்சியம் அத்தனைக்கும் தலைவர். அவருக்குக் கீழே வேலை பார்த்த ஹபு, தான் திருடின தானியத்தையெல்லாம் அவர் திருடினதா மன்னர்கிட்ட நிரூபிச்சுட்டான். ஹபுவுக்குப் பதவி கிடைச்சுது. மெரிநக்தர் பல வருஷமா குன்றைக் குடைஞ்சு தனக்குன்னு கட்டிக்கிட்டிருந்த கல்லறையும் கிடைச்சுது. மெரிநக்தருக்கு விஷக் கிண்ணம். கூடவே ஒரு ஆணை: அவர் பேரு எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் அழிக்கணும்.

அந்தக் கடைசி ஆணைதான் கொடூரம். அந்த நாட்டுல உடம்பு போனா ஒரு சாவுதான். பேரு போனா ரெண்டாவது சாவு. அதுக்கப்புறம் மறு உலகத்துல கண்ணு முழிக்கவே முடியாது. அதனாலதான் பெரிய அதிகாரிங்க கல்லறை வாசலுக்கு மேல மண்கூம்பு பதிப்பாங்க. ஒரு சாண் நீளத்துக்குக் களிமண்ணைக் கூம்பா உருட்டி, அகலமான வட்ட முகத்துல பேரையும் பதவியையும் அச்சுக்கட்டையால அழுத்தி, சூளையில சுட்டு, கூர்முனை சுவருக்குள்ள போற மாதிரி வரிசை வரிசையாச் சொருகுவாங்க. வெளிய நின்னு பார்த்தா வட்ட வட்டமா பேரு மட்டும்தான் தெரியும்.

மெரிநக்தருக்காகச் செஞ்ச கூம்பையெல்லாம் ஹபுவோட ஆளுங்க உடைச்சுத் தள்ளிட்டாங்க. மிஞ்சினது அந்த அச்சுக்கட்டை ஒண்ணுதான். அதைத்தான் நெபெத் மடியில வச்சிருந்தா. அது இருந்தா உலகத்துல ஏதாவது ஒரு மூலையில, ஏதாவது ஒரு மண்ணுல, அப்பா பேரை மறுபடி அழுத்தலாம்.

கரையில பாசேர் காத்திருந்தான். அவனை எப்படிச் சொல்ல? அப்பா அம்மா இல்லாத பையனை மெரிநக்தர் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, சோறு போட்டு, வில் வாங்கிக் கொடுத்து, படைவீரனா ஆக்கி, போன அறுவடைத் திருவிழாவுல தன் பொண்ணையே தர்றதா வாக்கும் கொடுத்திருந்தார். ஆறடி உயரம். சிரிச்சா இடது கன்னத்துல மட்டும் குழி விழும். அந்தக் குழிக்காகவே நெபெத் அசட்டு ஜோக்கெல்லாம் சொல்லுவா.

"வந்துவிட்டீர்களா, தேவி? யாரும் பின்தொடரவில்லையே?"

"முதலைகள் மட்டும்தான் தொடர்ந்தன. மன்னரின் அதிகாரிகளை விட அவை நாகரிகமானவை. வாயைத் திறந்துகொண்டேதான் வருகின்றன."

பாசேர் சிரிக்கல. "அச்சுக்கட்டை எங்கே?"

சாப்பிட்டியான்னு கேக்கல, அழுதியான்னு கேக்கல, எடுத்த எடுப்புல அதைத்தான் கேட்டான். இது அவளுக்குப் பின்னாடிதான் உறைச்சுது.

"தெற்கே எல்லைக் கோட்டையில் உங்கள் நண்பர் இருக்கிறார் என்றீர்களே? அங்கே மண்டபம் எழுப்பி, அப்பாவின் பெயரைப் பதிக்க முடியுமா? உண்மையாகவே முடியுமா?"

"ஆமோன் தேவன் மேல் ஆணை. என்னை வளர்த்தவரின் பெயர் அல்லவா? தாருங்கள்."

துணியைப் பிரிச்சுக் கொடுத்தா. அவன் ரெண்டு கையாலயும் வாங்கினான். அவளைப் பார்க்காம, நாணல் புதர்ப் பக்கம் திரும்பி, நிதானமாச் சொன்னான்:

"பிரபு, கிடைத்துவிட்டது."

புதர் விலகுச்சு. தீப்பந்தத்தோட ரெண்டு பேர், நடுவுல ஹபு. ஒல்லியான மனுஷன், உடம்பெல்லாம் வாசனைத் தைலம், கையில ஈ ஓட்டற சாமரம். அச்சுக்கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நல்ல கருங்காலி மரம். உன் தந்தைக்கு ரசனை உண்டு, பெண்ணே. அதை மறுக்க மாட்டேன்." தீப்பந்தத்துக்கு நேரா நீட்டினான். "பார், எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கிறார்!"

கருங்காலி சீக்கிரம் எரியாது. அதுதான் பெரிய கொடுமை. நெபெத் அதைப் பார்க்கல, பாசேரையே பார்த்தா. "ஏன்?" 

"கல்லறைக் காவற்படைக்கு என்னைத் தலைவனாக்கியிருக்கிறார்கள், நெபெத்."

தேவின்னு கூப்பிட்டவன் முதல் தடவையா பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். வேற நேரமா இருந்தா அவ பூரிச்சுப் போயிருப்பா.

"இவளை என்ன செய்வது, பிரபு?"

"என் வீட்டில் மாவரைக்க ஆள் குறைகிறது. களஞ்சியத் தலைவரின் மகள்தானே, தானியம் பழக்கமிருக்கும்"னு சொல்லி ஹபு தானே சிரிச்சுக்கிட்டான்.

அந்தச் சிரிப்பு முடியறதுக்குள்ள நெபெத் ஆத்துல குதிச்சுட்டா. முதலை பயமெல்லாம் அப்ப எங்க போச்சோ! பின்னால பாசேர் வில்லை வளைக்கிற சத்தம் கேட்டுச்சு. எந்த வில்லுன்னு அவளுக்குத் தெரியும். அப்பா வாங்கிக் கொடுத்தது. அம்பு அவ காதுகிட்ட தண்ணியைக் கிழிச்சுக்கிட்டுப் போச்சு. பறக்கிற வாத்தைக் கூட தப்பவிடாதவன் அவன். அப்போ வேணும்னேதான் தவறவிட்டானோ?

அந்தக் கேள்வியைக் கட்டையாப் பிடிச்சுக்கிட்டுத்தான், வாசகர்களே, அந்தப் பொண்ணு நீந்திக் கரை சேர்ந்தா.

கல்லறைக் குன்றோட அடிவாரத்துல பென்னுங்கிற குயவனோட சூளை இருந்துச்சு. மெரிநக்தருக்குக் கூம்பு செஞ்சவன் அவன்தான். ஹபுவோட ஆளுங்க தடியோட நின்னு அதையெல்லாம் அவன் கையாலயே உடைக்க வச்சாங்க. இப்ப ஹபுவுக்கும் அவன்தான் செய்யணும்.

சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்து நின்னவளைப் பார்த்ததும் பென்னு தலையில கை வச்சுக்கிட்டான்.

"சின்னம்மா! ஐயோ, இங்க ஏன் வந்தீங்க? என் பொண்டாட்டி ஏற்கனவே ஒப்பாரி வைக்கப் பழகிக்கிட்டிருக்கா. குரல் வேற அவளுக்கு நல்லா வருது!"

"எனக்குப் போக்கிடம் இல்லை, பென்னு."

 பென்னு உள்ள போய்ச் சவரக் கத்தியை எடுத்துட்டு வந்தான். "முடியை எடுத்துரலாம். மேலெல்லாம் சேறு பூசிக்குங்க. யார் கேட்டாலும் வாயைத் திறக்காதீங்க, நீங்க ஊமை. உங்க பேச்சு இருக்கே, அது ஒண்ணு போதும், பெரிய வீட்டுப் பொண்ணுன்னு காட்டிக் கொடுத்துரும்."

அப்படித்தான் நெபெத் மண்ணு மிதிக்கிற ஊமைப் பொண்ணா ஆனா. பகலெல்லாம் களிமண்ணையும் வைக்கோல் உமியையும் சேர்த்து மிதிச்சா. மிதிச்ச மண்ணுல பென்னு கூம்பு உருட்டி, ஹபுவோட புது அச்சுக்கட்டையால முகத்துல அழுத்தினான். தன் காலால மிதிச்ச மண்ணுல எதிரி பேரு ஏறுறதை அவ பார்த்துக்கிட்டே நின்னா. ஹபுவுக்கு ஆசையும் அடங்கல. எந்த அதிகாரிக்கும் இல்லாத அளவுக்கு, வாசல் முழுக்க வரிசை மேல வரிசையா வேணும்னு கேட்டிருந்தான்.

ஒருநாள், முதல் சூளைக்குப் போக வேண்டிய ஈரக் கூம்பை நிழல்ல அடுக்கிக்கிட்டிருந்தப்போ குனிஞ்சதுல, கழுத்துல கிடந்த ஏதோ ஒண்ணு வெளிய வந்து ஆடுச்சு. அப்பாவோட முத்திரை மோதிரம். அவரைப் பிடிச்சுட்டுப் போன அன்னிக்கு அவ கையில திணிச்சது. பச்சைக் கல்லுல வண்டு உருவம், வண்டோட வயித்துல அவர் பேரு. பாசேர்கிட்ட மறைக்கணும்னு அவ நினைக்கல. அழுகையில அது கழுத்துல இருக்கிறதே அவளுக்கு மறந்து போயிருந்துச்சு.

மோதிரத்தையும் பார்த்தா, கூம்போட கூர்முனையையும் பார்த்தா.

"பென்னு," ரகசியமாக் கூப்பிட்டா. "இந்த முனை எங்கே போகும்?"

"சுவருக்குள்ளதான். வேற எங்க?"

"அதை யார் பார்ப்பார்கள்?"

"எறும்பு பார்க்கும். இருட்டு பார்க்கும்."

"உள்ளே இருக்கும் மேற்குத் தேவதை பார்ப்பாள். இறந்தவர்கள் பார்ப்பார்கள். வெளியே நிற்பவர்களுக்குத்தான் வட்ட முகம். உள்ளே இருப்பவர்களுக்கு இந்த முனைதானே முகம்?"

பென்னுவுக்குப் புரிஞ்சுபோச்சு. கையில இருந்த கூம்பை மெதுவாக் கீழே வச்சான். "தாயி, இது தெரிஞ்சா ரெண்டு பேரையும் உயிரோட கழுவுல ஏத்துவாங்க."

"தெரியும்."

"உங்களுக்குப் பயமா இல்லையா?"

"இருக்கிறது. கை நடுங்குவதைப் பார். நடுங்கிக்கொண்டே அழுத்தினால் எழுத்து கலையுமா?"

அவன் முனை கொஞ்சம் மழுங்கலா இருக்கும்படி அடுத்த கூம்பை உருட்டி அவகிட்ட நீட்டினான். அவ மோதிரத்தை அழுத்தினா. ஒரு பட்டாணி அளவுல, ஈரமா, அப்பா வந்து உக்காந்தார்.

அன்னியிலேர்ந்து, அடுக்கி வச்ச ஈரக் கூம்பு உட்பட, ஒவ்வொரு கூம்புக்கும் ரெண்டு பேரு. முகத்துல திருடன், முனையில அப்பா. சுட்டு எடுத்த பிறகு முனைக்கெல்லாம் சேறு தடவி மறைச்சாங்க.

ஹபு ஒண்ணும் லேசுப்பட்டவன் இல்ல. பழைய கூம்பு ஏதாவது நடுவுல நுழைஞ்சுடுமோன்னு பயந்து, ஒவ்வொரு கூம்பையும் பரிசோதிச்சு, கூடை முடிச்சுல முத்திரை வைக்கச் சொல்லிப் பாசேரை அனுப்பினான்.

பாசேர் வந்தான். புதுத் தோல் கச்சை, புது வாள். நெபெத் மண்குழிக்குள்ள முழங்கால் சேத்துல நின்னு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு மிதிச்சா. நெஞ்சு அடிக்கிறது சேத்துலயே அலை கிளப்பிடுமோன்னு இருந்துச்சு அவளுக்கு.

அவன் ஒவ்வொண்ணா எடுத்து வட்ட முகத்தைப் படிச்சான். கூர்முனை அவன் உள்ளங்கைக்குள்ள இருந்துச்சு. அப்பா பேரு மேலயே கட்டை விரலை வச்சுக்கிட்டு, ஹபு பேரைச் சரிபார்த்தான்! படிக்கத் தெரிஞ்சவன், பேரு இருக்கிற இடம் முகம்தான்னு சின்ன வயசுலேர்ந்தே பழகினவன், முனையை ஏன் பார்க்கப் போறான்?

"முனையில் எதற்குச் சேறு?" திடீர்னு கேட்டான்.

பென்னு ஒரு நொடிகூட யோசிக்கல. "பிரபு, மீனுக்கு வால் எதுக்குன்னு கேக்குற மாதிரி இருக்கே! சுவத்துல பிடிப்பு வேணாமா? நாளைக்கு ஹபு பிரபு தலையில விழுந்தா என்னையில்ல கேப்பீங்க?"

பாசேர் மெல்லச் சிரிச்சான். அதே இடது கன்னக் குழி. கூடையெல்லாம் கட்டி, முடிச்சு முடிச்சா முத்திரை வச்சான். போறப்போ மண்குழிப் பக்கம் நின்னான்.

"இவள் யார்?"

"ஊமைப் பொண்ணு, பிரபு. காது மட்டும் கேக்கும்."

"பாவம்." இடுப்புப் பையிலேர்ந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்து அவ பக்கம் எறிஞ்சான். "சாப்பிடு."

யாரோ தெரியாத ஊமைப் பொண்ணுகிட்ட இவ்வளவு இரக்கம் இருக்கு அவனுக்கு. ரொட்டி சேத்துல முழுகுறதைப் பார்த்துக்கிட்டே நின்னா நெபெத். அம்பு தப்பினதை விட இந்த ரொட்டிதான் அவளை அதிகமாக் குத்துச்சு.

கூம்பு பதிக்கிற நாளும் வந்துச்சு. வெயில் சாயுற நேரம், குன்று முழுக்கத் தேன் நிறம். கீழே பந்தல்ல ஹபு யானைத் தந்த நாற்காலியில உக்காந்திருந்தான். பூசாரிங்க மந்திரம் சொல்ல, பறை முழங்கிச்சு. கல்லறை முகப்புல கட்டின சாரத்து மேல கொத்தனுங்க வரிசை வரிசையாக் கூம்பைச் சொருகி, சுண்ணாம்பு பூசிக்கிட்டே வந்தாங்க. எடுத்துக் கொடுக்கிற வேலை மண்காரிங்களுக்கு. அதுல ஒருத்தி நம்ம ஊமைப் பொண்ணு.

கடைசிக் கூம்பு, வாசலுக்கு நேர் மேல, நட்ட நடுவுல. "அதை என் காவற்படைத் தலைவனே பதிக்கட்டும்! இந்தப் பெயர் நிலைக்க அவன்தானே வழி செய்தான்!" ஹபு கத்தினான். கூட்டம் கை தட்டுச்சு. கொத்தனுங்க இறங்கி வழி விட்டாங்க.

பாசேர் சாரத்துல ஏறினான். அந்த வெயில்ல அவன் உள்ளங்கையெல்லாம் வேர்வை. நெபெத் கூம்பை நீட்டினா. வாங்கினவன் கையில சேறு கரைஞ்சு வழிஞ்சுது. விரலைத் துடைக்கக் குனிஞ்சவன் முனையைப் பார்த்தான்.

சின்ன வயசுல, மெரிநக்தர் மடியில உக்காந்து, அந்த மோதிரத்தை ஈர மண்ணுல அழுத்தி விளையாடினவன் அவன். தெரியாம இருக்குமா?

தலையைத் தூக்கினான். மொட்டைத் தலை, சேறு பூசின முகம், அதுக்குள்ள ரெண்டு கண்ணு.

"மெதுவாகப் பேசுங்கள், தலைவரே," ஊமைப் பொண்ணு சொன்னா. "கீழே உங்கள் பிரபு பார்த்துக்கொண்டிருக்கிறார்."

"நெபெத்!" மூச்சுதான் வந்துச்சு, சத்தம் வரல. "இது ஒன்றில் மட்டும்தானா?"

"எல்லாவற்றிலும்."

அவன் மெதுவாச் சுவரைப் பார்த்தான். வட்ட வட்டமா ஹபு, ஹபு, ஹபு. அதுக்குப் பின்னால, இருட்டுக்குள்ள, அத்தனையும் மெரிநக்தர்.

"நான் இப்போதே குரல் கொடுத்தால்?"

"கொடுங்கள். ஒவ்வொரு கூடை முடிச்சிலும் உங்கள் முத்திரை இருக்கிறது. எனக்கு முன்னால் உங்களைத்தான் கழுவேற்றுவார்கள். பிறகு என் தந்தையை வெளியே எடுக்க வேண்டுமென்றால், ஹபு தன் பெயரைத் தன் வாசலிலிருந்து தன் கையாலேயே பிடுங்க வேண்டும். தன் பெயரைத் தானே பிடுங்கினால் அது அவருக்கே இரண்டாம் மரணம். அதற்கு அவர் துணிவாரா?"

"என்ன தாமதம்?" கீழேயிருந்து ஹபு குரல். "காவற்படைத் தலைவனுக்கு உயரம் என்றால் பயமோ?" கூட்டம் சிரிச்சுது.

பாசேர் சுவர்ப் பக்கம் திரும்பினான். கூம்பைச் சுவரோட துவாரத்துல வச்சு, ரெண்டு கையாலயும் அழுத்தினான். மெரிநக்தர் பேரு உள்ள போச்சு. அவர் போட்ட சோத்துக்காக இல்ல, அவளுக்காகவும் இல்ல, தன் தலைக்காகத்தான் அழுத்தினான்னு அவன் மூஞ்சியே சொல்லுச்சு. நெபெத்துக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. ஆனாலும் ஒண்ணு கேக்கணும். இத்தனை நாளும் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தானே நீந்தினா!

"அன்று ஆற்றங்கரையில் உங்கள் அம்பு ஏன் தவறியது?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய். ஏனோ அந்த நேரத்துல மட்டும் அவனுக்கு உண்மை வந்துச்சு.

"நாண் ஈரமாகியிருந்தது."

அவ்வளவுதான். கையில இருந்த கட்டை நழுவி ஆத்தோட போச்சு. ஆனா அவ மூழ்கல. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

"என்னை மன்னிக்க முடியுமா, தேவி?"

திரும்பவும் தேவி!

"கேளுங்கள். இந்தச் சுவரிலிருந்து ஒரு கூம்பு விழுந்தாலும் உங்கள் தலை விழும். ஆகையால் உயிருள்ள வரை நீங்களே இதைக் காவல் காப்பீர்கள். என் தந்தை உங்களை வளர்த்ததற்கு அது போதும். நான் ஒரு சபதம் செய்கிறேன். ஓடும் இந்த நைல் சாட்சி. இன்று முதல் உங்கள் பெயரை நான் சொல்ல மாட்டேன். யாரிடமும் சொல்ல மாட்டேன். அழும்போதும் சொல்ல மாட்டேன், சபிப்பதற்குக் கூடச் சொல்ல மாட்டேன்."

வாசகர்களே, பேரு போனா ஆளே போயிட்டான்னு நம்பற நாடு அது. அவன் முகம் சுண்ணாம்பா வெளுத்துப் போச்சு. நாமும் இனிமே அந்தப் பேரைச் சொல்ல வேண்டாம்.

அவ சாரத்துலேர்ந்து இறங்கினா. ஊமைப் பொண்ணை யாரு கவனிக்கப் போறாங்க? காலிக் கூடையைத் தலையில கவுத்துக்கிட்டு, பூசாரிங்களுக்கும் பறைக்கும் நடுவுல நடந்து, கரையில பென்னு கட்டி வச்சிருந்த படகை அவிழ்த்தா. தெற்குப் பக்கம் பாய் விரிச்சா. காத்து நல்லாப் பிடிச்சுது.

நடு ஆத்துக்கு வந்ததும் முதல் தடவையா வாயை நல்லாத் திறந்து, உரக்க, "மெரிநக்தர்!"னு கூப்பிட்டா. குன்று அதை வாங்கித் திருப்பிச் சொல்லுச்சு. கீழே பந்தல்ல ஹபு சாமரத்தைக் கீழே போட்டுட்டு எழுந்தான். "யார் அது? எங்கிருந்து வந்தது அந்தப் பெயர்?"

சாரத்து மேல நின்னவனுக்குத் தெரியும். ஆனா அவன் வாயைத் திறக்கல. சுவர்ல கை வச்சபடி, அடுத்து தன் பேரு வருமான்னு காது கொடுத்துக்கிட்டே நின்னான்.

வெயில் அடங்கிச்சு. பாய் ஒரு புள்ளியாச்சு. அந்தப் பேரு வரவே இல்ல.